ஒரே எண்ணுக்கு இரண்டு வண்டிகள்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடை எடுக்காமல் கிளம்பி, பாதி வழியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்ற, கண்ணில் பட்ட பெரிய தகரக் கொட்டகைக்குள் ஓடினேன். உள்ளே பழைய கார்களின் கண்காட்சி. எனக்குக் கார்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. விளக்கு சிவப்பாக இருந்தால் அது பின்பக்கம் என்று கண்டுபிடிக்கிற ஆள் நான். மழை விடுகிற வரைக்கும் சுற்றிப் பார்ப்போம் என்று நடந்தேன்.

அங்கே ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கழுத்தில் போட்டியாளர் அட்டை. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அழவில்லை. அவருக்கு முன்னால் ஒரு கார் நின்றது. வண்ணம் போனது, பம்பர் கோணலானது, கண்காட்சிக்கு இதை எப்படி உள்ளே விட்டார்கள் என்று கேட்கத் தோன்றும் கார். அவருக்குப் பின்னால், இரண்டு வரிசை தள்ளி, அதே அச்சில் இன்னொரு கார் நின்றது. அது முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளும்படி பளபளத்தது. இரண்டிலும் ஒரே எண் பலகை. படித்தேன். திரும்பிப் போய் மற்றதைப் படித்தேன். சம்பந்தமே இல்லாத எனக்கே திக்கென்றது.

மழை விட்டது, வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆக, இதில் நான் பார்த்தது ஒரு கையும் இரண்டு எண் பலகைகளும்தான். மிச்சத்தை நானே செய்துகொள்ளப் போகிறேன். இதெல்லாம் நிஜமா என்று பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்க வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "அவள் அதிர்ந்துபோனாள்."

அடித்துவிட்டேன். அதிர்ந்துபோனாள் என்று எழுதினால் படிக்கிறவர் யாரும் அதிர்வதில்லை. சரி, மேலே சொல் என்றுதான் பார்க்கிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "மழை கொட்டித் தீர்த்த அந்தக் காலையில், தன் தந்தையின் காரை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்த அந்த நடுவயதுப் பெண்ணின் மனத்தில்" 

முடிக்க மனம் வரவில்லை. மழையில் நனைந்தது நான். அவருக்கு மழை பெய்ததே தெரிந்திருக்காது. என் ஜலதோஷத்தை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மூன்றாவது தொடக்கம்: "அக்கா பல் டாக்டர்."

இது நிற்கும்போலத் தெரிகிறது. ஏன் பல் டாக்டர் என்றால், சொத்தையைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத ஒருத்தி எனக்குத் தேவைப்பட்டாள். ஏன் அக்கா என்றால், தம்பி ஒருவன் வரப்போகிறான். (கொட்டகையில் பார்த்தபோது 'அவர்', கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். எழுதுகிறவர்களுக்கு இந்த மரியாதைக்குறைவு பழகிவிட்டது.)

* என் பல் டாக்டர் கதை படிக்கிற வழக்கமில்லாதவர். அந்தத் தைரியத்தில்தான் மேலே எழுதுகிறேன்.

3

அக்கா பல் டாக்டர். வீட்டின் முன்னறையில் அவளுடைய கிளினிக். பின்பக்கம் கார் ஷெட். அந்த ஷெட்டில்தான் அப்பாவின் கார் நின்றது. கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா, கல்யாணத்துக்கு முன்பே, யாரோ ஓட்டிச் சலித்ததை வாங்கியது. கரும்பச்சை நிறம், உருண்டை முகம், தொப்பியைக் கழற்றாமல் உட்காரலாம் என்கிற அளவுக்கு உயரமான கூரை. அம்மாவைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனதும் அதில்தான், அம்மாவைக் கடைசியாக அழைத்துப் போனதும் அதில்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அப்பா அதை வெளியே எடுப்பது குறைந்துவிட்டது. ஆனால் மதியச் சாப்பாடு ஆனதும் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவில் முழங்கையை வைத்து, எங்கேயோ போய்க்கொண்டிருக்கிற மாதிரி நிம்மதியாகப் படிப்பார். "உன் மிஷின் சத்தம் இங்கதான்மா கேக்கறதில்ல" என்பார்.

ஒரு நாள் மதியம், ஒரு நோயாளிக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, மருந்து ஏறட்டும் என்று அக்கா பின்பக்கம் வந்தாள். மாடித் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மோட்டாரைப் போட்டது அப்பா. அவளுக்குச் சுர்ரென்றது. ஷெட்டுக்குப் போய்க் கார் ஜன்னலில் சாய்ந்துகொண்டு ஒரு பாட்டம் பாடினாள்.

"தண்ணி பாட்டுக்கு ஊத்துதுப்பா. போட்டா நிறுத்தணும்னு தெரியாதா? போன் அடிச்சா எடுக்கறதில்ல. இங்க வந்து உட்கார்ந்துட்டா உலகமே மறந்துடும் உங்களுக்கு. இப்படியே இருங்க, நான் ஒருத்தி எல்லாத்துக்கும் ஓடறேன்."

அப்பா மடியில் செய்தித்தாளுடன் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டாராக்கும் என்று நினைத்தாள். "சரி, பேசாதீங்க. உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தி, கையைக் கழுவி, உள்ளே போய் அந்த நோயாளியின் கடைவாய்ப் பல்லை நிதானமாக, அழகாக அடைத்து முடித்தாள்.

பிறகுதான் வந்தாள். பிறகுதான் தொட்டுப் பார்த்தாள்.

(எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இப்படி ஒன்றை எழுதுவேன் என்று நான் நினைக்கவில்லை. அப்பாவைக் கௌரவமாக ஆஸ்பத்திரியில் சாகவிடலாம் என்றுதான் இருந்தேன். வாக்கியம் தானாக ஜன்னலில் போய்ச் சாய்ந்துகொண்டது.)

வெளியூரில் இருந்த தம்பி சாயங்காலம் வந்து சேர்ந்தான். கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். "எப்போ?" என்று கேட்டான். அக்கா, "தெரியல. நான் பார்க்கும்போதே போயிருந்தார்," என்றாள். தம்பி அவளை மேலும் கீழும் பார்த்தான். எல்லோர் காதிலும் விழும்படி ஒரே ஒரு வார்த்தை கேட்டான்.

"டாக்டர்தானே நீ?"

அதோடு சரி. அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வது அன்றைக்கு நின்றது. ஜன்னலில் சாய்ந்து பேசியதையும் உள்ளே போய்ப் பல்லை அடைத்ததையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தம்பிக்கும் தெரியாது. உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

4

பாகப் பிரிவினையில் வீடும் வண்டியும் அக்காவுக்கு வந்தன. ஷெட்டுப் பக்கம் அவளால் போக முடியவில்லை. விற்கவும் முடியவில்லை. பழைய கார்களைப் புதுப்பிக்கிற பட்டறை ஒன்றைப் பற்றி ஒரு நோயாளி, வாயில் பஞ்சோடு, அரைகுறையாகச் சொன்னார். அக்கா அன்றைக்கே போன் செய்தாள்.

பட்டறைக்காரர் பெரிய உடம்பும் பெரிய குரலும் கொண்டவர். 'முடியாது' என்கிற சொல்லைப் பிறந்ததிலிருந்து உபயோகித்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். வண்டியைச் சுற்றி வந்து, பானட்டைத் தட்டிப் பார்த்து, மண்டியிட்டு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"நல்ல வண்டி டாக்டர். அப்படியே இருக்கட்டும். இன்ஜினைப் பிரிச்சு மாட்டி, துரு இருக்கற இடத்துல மட்டும் ஒட்டுப் போட்டு, ஒரு பெயின்ட் அடிச்சா போதும்."

"முதல்ல சீட்டை மாத்துங்க," என்றாள் அக்கா.

"சீட்டு நல்லாத்தானே இருக்கு? ஒரே ஒரு கிழிசல்தான், அதையும் யாரோ அழகா தைச்சிருக்காங்க."

"மாத்துங்க."

"பழசை என்ன பண்றது?"

"தூக்கிப் போடுங்க. என் கண்ணுலயே படக்கூடாது."

சீட்டு போனது. சீட்டைத் தூக்கியதும் கீழே தரைத் தகடு தெரிந்தது, அதில் துரு. ஒட்டுப் போடலாம் என்றார் பட்டறைக்காரர். அக்காவுக்குத் துருவும் சொத்தையும் ஒன்றுதான், விட்டால் பரவும். முழுத் தரையையும் வெட்டி எடுக்கச் சொன்னாள். தரை புதிதானதும் கதவுகள் கிழடு தட்டித் தெரிந்தன. கதவு மாறியதும் பானட். ஸ்டீயரிங்கில் அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த இடம் வழவழவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இதையும்," என்றாள். இன்ஜின், கியர், விளக்கு, முள் கடிகாரம், எண் பலகை என்று ஒவ்வொன்றாகப் போயின. பட்டறைக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்டார், அவள் ஒவ்வொரு முறையும் தூக்கிப் போடச் சொன்னாள். ஒரு கட்டத்துக்கு மேல் கேட்பதையே அவர் விட்டுவிட்டார்.

கடைசியில் வெறும் கூடு மிஞ்சியது. வெளிநாட்டில் ஒரு கம்பெனி அதே அச்சில் புதுக் கூடு அடித்துத் தருகிறது என்று தெரியவந்தபோது அக்காவுக்கு இரண்டாவது யோசனையே இல்லை. புதுக் கூடு கப்பலில் வந்தது. பட்டறைக்காரர் பழைய கூட்டின் முன்சுவரில் இருந்த சின்னத் தகட்டை, கம்பெனி வண்டிக்குக் கொடுத்த எண் உள்ள அலுமினியத் தகட்டை, அதைப் பிடித்திருந்த ரிவெட் ஆணிகளைத் துளைத்துக் கழற்றி, புதுக் கூட்டில் புது ரிவெட் போட்டுப் பதித்தார்.

"இது இருந்தா போதும் டாக்டர். சட்டப்படி இது உங்க அப்பா வண்டிதான்."

வண்டி வீட்டுக்கு வந்த அன்று அக்கா ஷெட்டுக்குப் போனாள். போக முடிந்தது. புது ரப்பர் வாசனை, புதுத் தோல் வாசனை. உள்ளே உட்கார்ந்தாள். அங்கே யாரும் இறந்திருக்கவில்லை. அவ்வளவு லேசாக இருந்தது அவளுக்கு.

* இந்த இடத்தில் என் மனைவி வந்து தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். நான் முடிப்பதற்குள் படித்துவிடுகிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு. "நீங்க அங்க பார்த்ததுல இதுல என்ன மிச்சம் இருக்கு?" என்று கேட்டாள். எண் பலகை என்றேன். "அப்ப அந்த டாக்டரம்மாவைப் பத்திச் சிரிக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் சிரிக்கவே இல்லை.

5

கண்காட்சி அன்று காலை அக்காவின் வண்டியைச் சுற்றிக் கூட்டம். ஆளாளுக்குக் குனிந்து பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். "என்னமா வெச்சிருக்காங்க பாரு!" என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். பட்டறைக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி வெள்ளைச் சட்டையில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வெகுநாளைக்குப் பிறகு மனசு குளிர்ந்தது. ஒரு காபி குடித்துவிட்டு வரலாம் என்று நடந்தாள்.

இரண்டாவது வரிசையைத் தாண்டும்போது ஓரக்கண்ணில் ஒரு கரும்பச்சை பட்டது. இதே மாடல் இன்னொருவரிடமும் இருக்கிறது போல என்று நினைத்தாள். இரண்டு அடி போனவள் நின்றாள். பின் கதவில் ஒரு நசுங்கல் இருந்தது. அந்த நசுங்கல் அவளுக்குத் தெரியும். வீட்டு கேட்டில் அப்பா இடித்தது. இருக்காது என்று நினைத்தாள். திரும்பி வந்தாள். எண் பலகையைப் பார்த்தாள். அவளுடைய எண்.

ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். ஓட்டுநர் இருக்கையின் விளிம்பில் ஒரு கிழிசல். அதன் மேல் கறுப்பு நூலில் வரிசையாகத் தையல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முடிச்சு. ஈறில் போடுகிற தையல். பழைய ஸ்பிரிங் குத்துகிறது என்று அப்பா சொன்னபோது, கிளினிக்கிலிருந்து ஊசியும் நூலும் கொண்டுவந்து அவளே போட்டது. அன்றைக்கு அப்பா, "வலிக்காம போடும்மா," என்று சீட்டுக்காகச் சொன்னார்.

அந்த இருக்கைதான். தூக்கிப் போடச் சொன்ன இருக்கை. அழுகி மண்ணாகிப் போயிருக்கும் என்று நிம்மதியாக நினைத்துக்கொண்டிருந்த இருக்கை, துடைத்து வைத்த மாதிரி அதே இடத்தில் இருந்தது. அதைச் சுற்றி அவள் வெட்டி எறிந்த தரை, வெட்டி எறிந்த கதவு, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஸ்டீயரிங். ஒன்று விடாமல் வந்து சேர்ந்திருந்தன. அவள் சாய்ந்து நின்ற ஜன்னலும் கண்ணாடி இறக்கியபடியே இருந்தது.

அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கத்திவிடுவோமோ என்று பயமாக இருந்தது. (நான் உள்ளே வந்தது இந்த நேரத்தில்தான். தலையைத் துவட்டிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போகிற ஆள் நானே.)

வண்டியின் மறுபக்கத்திலிருந்து, கையில் துணியோடு, தம்பி எழுந்து நின்றான்.

6

இந்தத் தம்பியை நான் நம்பவில்லை.

நானே செய்த ஆள்தான், ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது. அவனை இன்சூரன்ஸ் சர்வேயராக வைத்திருக்கிறேன். நசுங்கின கார்களைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. ஒரு விபத்து வண்டியைப் பார்க்க அந்தப் பட்டறைக்குப் போனவன், சுவரோரம் மழையில் நனைந்துகொண்டிருந்த ஓட்டுநர் சீட்டைப் பார்த்தான். இதுவரை சரி. பிறகு மாதக்கணக்கில் வந்து வந்து, அக்கா எறிந்ததை எல்லாம் பொறுக்கிக்கொண்டு போய், வாடகைக்குப் பிடித்த ஒரு கிடங்கில் ஒரு முழுக் காரைக் கட்டினான் என்றால், எதற்காக? அப்பா மேல் பாசமா? அக்காவின் முகத்தில் கரி பூசவா? "நீ செய்ததைப் பார்" என்று ஊர் கூடிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தவா? மூன்றையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன். மூன்றாவதைத்தான் அக்கா நம்பினாள். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. வில்லன் இருந்தால் கதை தானாக நடக்கும்.

பட்டறைக்காரர் ஓடிவந்தார். இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய வெள்ளைச் சட்டை அக்குளில் நனைந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் டாக்டர்! சத்தியமா! தம்பி வந்து, தூக்கிப் போடாதீங்க, நான் எடுத்துக்கறேன்னார். சரி, குடும்பத்துக்குள்ளதானே போகுதுன்னு விட்டுட்டேன். நீங்கதான் பழசைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னீங்க."

"அவர்கிட்ட கேளுங்க," என்றாள் அக்கா, தம்பியைப் பார்க்காமல். "யாரைக் கேட்டு எடுத்தாராம்?"

"அவங்ககிட்ட சொல்லுங்க," என்றான் தம்பி, பட்டறைக்காரரின் சட்டைப் பொத்தானைப் பார்த்து. "வேண்டாம்னு எறிஞ்சதைத்தான் எடுத்தேன்னு."

"எறிஞ்சது எறிஞ்சதாவே கிடக்கணும்னுதான் எறிஞ்சேன்னு சொல்லுங்க."

"அது குப்பை இல்லன்னு சொல்லுங்க."

பட்டறைக்காரர் தலையை இங்கும் அங்கும் திருப்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்ட எவருக்கும் அவர் நிலைமை புரியும்.

7

சத்தம் கேட்டு நடுவர் வந்தார். முடியை ஒட்ட வெட்டிய வயதான அம்மாள். வாகனப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் டார்ச், பையில் நீளப் பிடி போட்ட சின்னக் கண்ணாடி. (அக்காவும் அதே மாதிரிக் கண்ணாடியைத்தான் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாள் என்று எழுத ஆரம்பித்து, இது ரொம்ப அதிகம் என்று நிறுத்திக்கொண்டேன்.) இரண்டு வண்டியின் வயிற்றிலும் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். சாவகாசமாக எழுந்தார்.

"தகடு அந்த வண்டியில இருக்கு. ஆனா ரிவெட் புதுசு. இந்த வண்டியில தகடு இருந்த இடத்துல வெறும் ஓட்டை. ஆனா அடிச்சட்டத்து இரும்புல அடிச்சுப் பொறிச்ச நம்பர் அப்படியே இருக்கு." மூக்கைச் சொறிந்தார். "பேரு ஒருத்தர்கிட்ட, உடம்பு ஒருத்தர்கிட்ட. நல்ல அக்கா தம்பிம்மா நீங்க."

ஒரு எண்ணுக்கு ஒரு வண்டிதான். அது கண்காட்சி நடத்துகிற சங்கத்து விதி, அரசாங்கத்து விதியும் அதுதான். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் சொல்ல வேண்டும். மற்ற வண்டியின் எண்ணை அங்கேயே இரும்பைத் தேய்க்கிற கிரைண்டர் போட்டு அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அது கார் இல்லை, சாமான். தப்பாகச் சொன்னால் திரும்ப எழுத முடியாது.

"சொல்லுங்க டாக்டர்," என்றார் நடுவர். "எது உங்க அப்பா வண்டி?"

முடிவு (அ). அக்கா பளபளப்பைக் காட்டுகிறாள். கிரைண்டர் பொறி பறக்கத் தம்பியின் வண்டி மேல் இறங்குகிறது. தம்பி கண்ணை மூடிக்கொள்கிறான். அக்கா பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். எழுதிப் பார்த்தேன், அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முடிவு (ஆ). அக்கா பழசைக் காட்டுகிறாள். தகட்டைக் கழற்றித் தம்பியிடம் கொடுக்கிறாள். கப்பலில் வந்த கூடு அநாதையாக நிற்கிறது. பெருந்தன்மையான முடிவு. ஆனால் பெருந்தன்மையாக நடந்துகொண்ட அக்கா அன்றிரவு எந்த ஷெட்டுக்குத் திரும்புவாள்?

முடிவு (இ). இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது. இதை எழுதுவதற்கு நான் வேறு ஆளாகப் பிறந்து வர வேண்டும்.

மூன்றையும் மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நல்ல அறிகுறி இல்லை அது.

"மூணுலயும் காரைப் பத்தியேதானே பேசறாங்க? அந்தப் பல்லை அடைச்ச விஷயத்தை அவ என்னைக்குத்தான் சொல்லுவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தகடு, ரிவெட், கிரைண்டர் என்று நான்பாட்டுக்கு இரும்பைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். அந்த மதியத்தை அக்கா மறைத்தாள் என்றால், அவளுக்கு ஒத்தாசையாக நின்று மறைத்தவன் நான். மூன்று முடிவுகளையும் எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். பிறகு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எடுத்தால் யாராவது பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

8

அக்கா நசுங்கின பின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, யோசிங்க. அதுக்குள்ள வழக்கமான சோதனையை முடிச்சுடலாம். ரெண்டு வண்டியும் தன் இன்ஜின்ல ஓடி அதோ அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டணும். குடும்பத்து ஆள்தான் ஓட்டணும். தாண்டாத வண்டிக்கு நம்பர் கிடையாது, எனக்கும் பாதி வேலை மிச்சம். தம்பி, உங்க வண்டி பக்கத்துல இருக்கு, நீங்க முதல்ல."

தம்பி நகரவில்லை.

"வண்டி ஓடாதா?"

"ஓடும் மேடம்."

"அப்புறம் என்ன?"

தம்பி இறங்கியிருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் ஒரு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. அக்காவுக்கு அந்தச் சத்தம் காதில் விழாமல் நேராக நெஞ்சில் விழுந்தது. தம்பி கையை வெளியே எடுத்துக்கொண்டு, கதவுக்கு இந்தப் பக்கமே நின்றான்.

"ஏறுங்க," என்றார் நடுவர்.

அவன் துணியைக் கையில் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான். அவன் சின்ன வயதில் பொய் சொல்லும்போது இப்படிச் செய்வான். ஆனால் இப்போது அவன் எதுவும் சொல்லவே இல்லையே என்று அக்காவுக்குப் பட்டது. பட்டறைக்காரரை விட்டுவிட்டு நேராகக் கேட்டாள். அப்பா போன அன்றைய சாயங்காலத்துக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை இது.

"இங்க எப்படிடா கொண்டு வந்தே?"

"லாரில ஏத்தி."

"ஓடற வண்டியை எதுக்கு லாரில ஏத்தணும்?"

"உட்கார முடியலக்கா."

இன்ஜின் சத்தத்தில் நடுவர் காதைக் கிட்டே கொண்டுவந்தார். தம்பி அவரைக் கவனிக்கவில்லை.

"எல்லாம் மாட்டிட்டேன். ஒரு போல்ட் பாக்கியில்லாம மாட்டிட்டேன். ஸ்டார்ட் பண்ணணும்னா இப்படித்தான், வெளிய நின்னு கையை விடுவேன். பிரேக்கைப் பார்க்கணும்னா பக்கத்து சீட்ல உட்கார்ந்து காலை நீட்டுவேன். லாரிலேர்ந்து இறக்கும்போதுகூட ஜன்னல் வழியா ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நாலு பேர் தள்ளினோம். கதவைத் திறப்பேன். ஒரு காலைக்கூட உள்ள வைக்க வரல." சீட்டைக் காட்டினான். "கடைசியா அதுல உட்கார்ந்தது அப்பாதான். அதுக்கப்புறம் யாரும் உட்காரல."

அக்கா, பார்த்த நிமிஷத்திலிருந்து, தன்னைக் கூண்டில் நிறுத்தத்தான் இவன் இதைக் கட்டினான் என்று நினைத்திருந்தாள். அதில் சொகுசாக உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்திருப்பான் என்று நினைத்து வயிறெரிந்தாள். அவள் எதைப் பார்க்க முடியாமல் எறிந்தாளோ, அதையே இவன் எறிய முடியாமல் வைத்துக்கொண்டு, தானும் தொட முடியாமல் ஒரு கிடங்குக்குள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான்.

"நான் பார்க்கும்போதே போயிருந்தார்னு சொன்னேன்ல," என்றாள். "அது பொய்டா. அதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்தேன். இந்த ஜன்னல்லதான் சாஞ்சுக்கிட்டு அவரைத் திட்டினேன். தொட்டி வழியுதுன்னு. பதில் சொல்லல. கோபம்னு நினைச்சேன். பேசாதீங்க, உங்க இஷ்டம்னு சொல்லிட்டு உள்ள போய் ஒருத்தருக்குப் பல்லை அடைச்சேன். முழுசா அடைச்சு, மினுக்கி, கடிச்சுப் பாருங்க, உயரமா இருக்கான்னு கேட்டேன். அப்புறம்தான்டா வந்தேன்."

தம்பியின் கையிலிருந்து துணி விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. பட்டறைக்காரர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அன்னைக்கு உன்னைக் குத்தணும்னுதான் டாக்டர்தானே நீன்னு கேட்டேன்," என்றான் தம்பி. "எங்க குத்தறேன்னு எனக்குத் தெரியாதுக்கா."

அக்கா தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்றா, தெரியும் என்றா, பேசாதே என்றா என்பது எனக்கே தெளிவில்லை. அவளைக் கேட்டால் அவளுக்கும் தெரியாது.

"யாராவது ஒருத்தர் ஏறுங்க," என்றார் நடுவர். ஆனால் முன்னைப்போல அதட்டவில்லை. "பின்னால வரிசை நிக்குதும்மா."

இங்கே நான் எழுந்துகொள்கிறேன். எது அப்பாவின் வண்டி என்பதற்கு உங்களுக்கு ஒரு பதில் இருந்தால் நடுவரிடம் சொல்லுங்கள்; எனக்கு அதில் அக்கறை போய்விட்டது. அந்த இருக்கையில் யார் உட்காருவது என்பதுதான் பாக்கி. அக்காவை உட்கார வைக்கப் போனேன். அவள் போட்ட தையல் அவள் தொடைக்குக் கீழே வரும் என்று நினைத்ததும் பேனா நின்றுவிட்டது. தம்பியை உட்கார வைக்கப் போனேன். இத்தனை நாள் முடியாதவனுக்கு என் வசதிக்காக முடிந்துவிடுமா? ஒருவரும் வேண்டாம் என்றால் வண்டி கோட்டைத் தாண்டாது, கிரைண்டர் வந்துவிடும். தம்பி கதவைத் திறந்து பிடித்திருக்கிறான். அக்கா ஓரடி தள்ளி நிற்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அந்தச் சீட்டைப் பார்க்கிறார்கள்.

நீங்கள் அந்தக் குடும்பத்து ஆள் இல்லைதான், நானும் இல்லை. ஆனால் இதுவரை கூட வந்துவிட்டீர்கள். யார் என்று சீக்கிரம் சொல்லுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது; லாரியில் ஏற்றி இறக்கத்தானே என்று தம்பி பெட்ரோல் கொஞ்சமாகத்தான் ஊற்றியிருக்கிறான்.